வைரவர் போத்தல்

ஏரம்பர் உலகத்தில் நம்பியது ஒன்றே ஒன்றை. வெற்றிலைக்குப் பூசுகிற சுண்ணாம்பு. மண்ணெண்ணெய்ப் போத்தலில் எண்ணெய் நிற்கிற மட்டத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு, நல்லெண்ணெய்க்கு ஒரு கோடு, தேன் போத்தலுக்கு ஒன்று. விடிந்தால் முதல் வேலை கோடுகளைப் பார்ப்பது. பிள்ளையாரைக் கும்பிடுவதெல்லாம் அதற்குப் பிறகு. பெண்சாதி செத்த பிறகு தனிக்கட்டையாக இருக்கிற மனிசனின் எண்ணெயை யார் திருடப் போகிறார்கள் என்று கேட்டால், "கேக்கிறவன்தான் திருடுவான்" என்பார்.

அந்தப் போகம் குடியேற்றத்து வயல்களில் அறக்கொட்டி விழுந்தது. கதிரில் பால் இருந்தால் அந்தப் பூச்சி விடாது. விவசாயக் கந்தோர் உத்தியோகத்தர் பரமலிங்கம் சொல்ல, ஏரம்பரும் ஒரு தகரப் பேணி மருந்து வாங்கி அடித்தார். பூச்சி செத்தது. பேணியில் கால்வாசி மிஞ்சியது.

பரமலிங்கம் வரம்பில் நின்று சொன்னார்: "அண்ணை, மிச்சத்தை உந்தப் பேணியிலேயே வைச்சு இறுக்கி மூடி, ஒரு பெட்டிக்குள்ள பூட்டி வையுங்கோ. வேற ஒண்டிலயும் ஊத்திப் போடாதேங்கோ. அதில மண்டையோடு கீறிக் கிடக்குது, பாத்தியளோ?"

"மண்டையோட்டைப் பாத்த பயத்தில ஒருத்தனும் விலை கேக்கமாட்டான், அதுக்குக் கீறினது" என்றார் ஏரம்பர். பூட்டு என்ற சொல்லும் அவருக்குப் பிடிக்கவில்லை. பூட்டு விற்கிறவன் பரமலிங்கத்தின் ஆளாகத்தான் இருப்பான். பேணியின் மூடி வளைந்து போனதைச் சாட்டாக வைத்து, மருந்தை வெறும் சாராயப் போத்தலில் ஊற்றித் தக்கையை அடித்து இறுக்கினார்.

ஊற்றி முடிந்த பிறகுதான் தவராசாவின் நினைப்பு வந்தது.

தவராசா அவருடைய தங்கச்சி சிவனேஸ்வரியின் புருசன். அடுத்த வளவு. சாராயப் போத்தலைக் கண்டால் உள்ளுக்கு என்ன என்று கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. முந்தின வரியம் முழங்கால் நோவுக்குச் சாராயப் போத்தலில் வைத்திருந்த எண்ணெயில் பாதியைக் குடித்துவிட்டு, "சரக்குப் பழசு" என்று குறை சொன்னவன். இந்தப் போத்தலை எடுத்தானோ, தங்கச்சி தாலியறுக்க வேண்டியதுதான்.

ஏரம்பர் இரண்டு வாய் வெற்றிலை போட்டு யோசித்தார். பிறகு போத்தலின் கழுத்தில் சிவப்புத் துணி சுற்றி, வயிற்றில் சுண்ணாம்பால் மூன்று குறி இழுத்து, படலையடி வேம்பில் கட்டித் தொங்கவிட்டார். பார்ப்பவர்களுக்கு அது வீபூதிக்குறி. மேற்குறி மருந்து நிற்கிற மட்டம் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

"வைரவற்ற காவல்" என்று எல்லாருக்கும் சொன்னார். "நாயாற்றுப் பூசாரி மந்திரிச்சுத் தந்த தண்ணி. தொட்டவன்ர கை விளங்காது."

அன்று தொடக்கம் தவராசா வேம்பைக் கடக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனான். ஏரம்பருக்குப் பெருத்த சந்தோசம்.

ஐந்தாம் நாள் காலமை கோட்டைப் பார்த்தார். மருந்து மேற்குறிக்குக் கீழே ஒரு நூலளவு இறங்கி நின்றது.

அறுபத்தாறு வயதில் அவர் வேலி பாய்ந்தார்.

தங்கச்சி வீட்டு முற்றத்தில் தவராசா வாங்குப் பலகையில் இருந்தான். கையில் மூக்குப்பேணி. அதற்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், குடிச்சியோ?"

"இன்னும் இல்லை மச்சான். யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"என்ன யோசினை?"

"பதினொரு வரியமாய் இவள் எனக்குத் தந்தது வெறும் தேத்தண்ணி. இண்டைக்குச் சீனி போட்டு, இஞ்சி போட்டு, சிரிச்சுக்கொண்டும் தந்தவள். எங்கையோ உதைக்குது."

ஏரம்பர் மூக்குப்பேணியைத் தட்டிவிட்டார். தேத்தண்ணி நிலத்தில் கொட்டியது. சிவனேஸ்வரி குசினிக்குள்ளிருந்து ஓடி வந்து தலையில் கையை வைத்தாள்.

"ஐயோ அண்ணை! வைரவற்ற தண்ணியல்லோ! ஒரு கரண்டி விட்டனான், இந்த மனிசன் குடியை மறக்கட்டும் எண்டு."

"குடியையும் மறப்பான், உன்னையும் மறப்பான்! அது வைரவருமில்லை, வாலுமில்லை. அறக்கொட்டி மருந்து!"

தவராசா மெல்ல எழும்பி, பெண்சாதியிலிருந்து நாலடி தள்ளிப்போய் நின்றான்.

"தொட்டால் கை விளங்காது எண்டனானெல்லே? கேக்கேல்லையோ?" என்று கத்தினார் ஏரம்பர்.

"அது கள்ளனுக்கெல்லோ அண்ணை. நான் கூடப்பிறந்தவள்." அவள் கையைத் தன் உடம்பில் படாமல் எட்டப் பிடித்தாள். "நீங்கள் சொன்னதை நம்பித்தானே எடுத்தனான்."

"என்னை நம்பச் சொல்லி ஆரடி சொன்னது?"

அதற்குள் சீனி மணத்துக்கு இரண்டு கோழிகள் வந்துவிட்டன. அவற்றைக் கலைத்து, தேத்தண்ணி பட்ட மண்ணை மண்வெட்டியால் சுரண்டிப் பழைய வாளி ஒன்றில் அள்ளினார். தங்கச்சியைக் கை கழுவச் சொன்னார். கழுவினதை நம்பாமல் சவர்க்காரத்தோடு இன்னும் இரண்டு தரம் கழுவுவித்தார்.

அதன் பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, செத்தாலும் மிதிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்த கந்தோருக்குப் போனார். பரமலிங்கத்திடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தார். பரமலிங்கம் சிரிக்கவில்லை. சிரிக்காததையும் ஏரம்பர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

பின்னேரம் பரமலிங்கமே வந்தார். தவராசாவின் வயலில் வாய்க்காலிலிருந்து எட்டத்தில் ஒரு துண்டுக்கு அறக்கொட்டி விழுந்திருந்தது. போத்தலில் இருந்ததை அளந்து கலந்து அங்கேயே அடித்து முடித்தார்கள். கலக்கிற வாளியிலும் ஏரம்பர் ஒரு கோடு போட்டார். பிறகு கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தூரத்தில், மேட்டுக்காணியில், தவராசா இடுப்பளவு கிடங்கு வெட்டினான். உடைத்த போத்தல், ஓட்டை குத்தி நசித்த பேணி, வாளியோடு மண், கடைசியாக மூக்குப்பேணி. சீதனமாக வந்தது என்று சிவனேஸ்வரி மூக்கைச் சிந்தினாள்.

"புருசனும் சீதனத்தோட வந்ததுதான். அதை வைச்சிரு" என்று சொல்லி, ஏரம்பர் மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

மூன்றாம் நாள் பார்த்தால் கல்லின் மேல் கற்பூரம் எரிந்த கறுப்பு. பக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூ. நாளைக்கு எவனாவது தீர்த்தம் என்று கிண்டுவான்.

ஏரம்பர் பூவை எறிந்தார். சுண்ணாம்பைக் குழைத்து, கல்லில் வட்டமாக ஒன்றைக் கீறி, இரண்டு கண், பல்லு, கீழே குறுக்காக இரண்டு எலும்பும் வைத்தார்.

தவராசா மண்வெட்டியோடு வந்து தலையைச் சரித்துப் பார்த்தான்.

"மச்சான், உது உங்கட முகமெல்லே?"

"பாக்கப் பயமாய்க் கிடக்கோ?"

"கிடக்கு."

"அப்ப சரி" என்று சொல்லி, ஏரம்பர் இன்னும் இரண்டு பல்லுக் கீறினார்.