தெரியாத நூல்

பல்லால் கடித்தும் அறவில்லையே இந்த நூல். எனக்காவது கத்தரி இருந்தது. கத்தரி என்றால் என்னவென்றே தெரியாத பிஞ்சு விரலுக்கு?

எறும்பு தன் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள், ஏதோ யோசனையில் ஒரு துண்டு நைலான் நூலை விரலில் சுற்றிச் சுற்றி இழுத்திருக்கிறாள். நுனி நீலம் பாரித்த பிறகுதான் உறைத்தது. கழற்றப் பார்த்தால் இன்னும் இறுகியது. கடைசியில் தோலுக்கும் நூலுக்கும் நடுவே கத்தரி முனையை நுழைத்து வெட்ட வேண்டியதாயிற்று. பருத்தி நூலென்றால் முதல் இழுப்பிலேயே அறுந்திருக்கும். விரலைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வரி நின்றது.

எறும்பு என்பது நாத்தனார் வைத்த பேர். இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சைப் பரப்பி, மூன்றையும் கையால் தைத்துச் சேர்க்கும் பஞ்சுப் போர்வைதான் அவர்கள் தொழில். நாத்தனார் வீட்டு முன்னறையே பட்டறை. பத்தொன்பது வருடமாக அந்த ஜன்னலோரம் அவளுடைய இடம். அவள் போட்ட தையல், எறும்புகள் வரிசை கட்டிப் போவதுபோல் சின்னச் சின்னதாய், ஒரே அளவில் போகும்.

நூல் விஷயத்தில் அவள் கறார். நூல்கண்டிலிருந்து எந்த நுனி முதலில் வருகிறதோ அதைத்தான் ஊசியில் கோப்பாள். மாற்றிக் கோத்தால் நூல் முறுக்கிக்கொண்டு உயிரை வாங்கும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரைதான் நீளம். தேன்மெழுகில் ஓர் இழுப்பு. முடிச்சை ஒரு சுண்டு சுண்டித் துணிக்குள் பஞ்சில் புதைத்தால், துணி கிழிந்தாலும் முடிச்சு வெளியே வராது.

போன வருடம் கை நடுங்க ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தையல் ஒன்று அரிசியாகவும் அடுத்தது பயறாகவும் விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பிரித்துப் பிரித்துத் தைத்தாள். போன மாதம்தான் நாத்தனார் அந்த நிறமில்லாத நைலான் கண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "போட்டா போட்ட இடமே தெரியாதாம்." நல்லாத்தான் இருக்கு என்று எறும்பு சொன்னாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள்.

அந்த நூலில் மெழுகு ஒட்டவில்லை. முடிச்சு வழுக்கியது. முதல் நாளே அவளுக்குத் தெரியும். ஒன்றுக்கு மூன்று முடிச்சாகப் போட்டுவிட்டு, போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அந்த நூலில் பன்னிரண்டு குழந்தைப் போர்வைகள் தைத்தாயிற்று. பதினொன்று அலமாரியில் இருந்தன. குழந்தைச் சாமான் கடைக்கு அன்று மாலை ஆறு மணி வண்டியில் போக வேண்டியவை. முதலில் தைத்தது, இரண்டு தெரு தள்ளி, நாத்தனார் மகளின் நாலு மாதக் குழந்தை மேல் இருந்தது.

செருப்பு மாட்டினாளா என்பதுகூட நினைவில்லை. கதவைத் தட்டும்போது கையில் கத்தரி இருந்தது. நாத்தனார் மகள்தான் திறந்தாள்.

"என்ன அத்தை, இப்படி மூச்சு வாங்குது? நாய் கீய் துரத்துச்சா?"

"குழந்தை எங்க?"

"இப்பதான் கச்சேரியை முடிச்சுட்டுத் தூங்குறான். எழுப்பிவிட்டீங்க, நீங்களே தூக்கிட்டுப் போயிடணும், சொல்லிட்டேன்."

"போர்வை?"

"அதுக்குள்ளதான் கிடக்கான். ரெண்டு தடவை துவைச்சுட்டேன், இன்னும் புதுசு மாதிரியே இருக்கு."

ரெண்டு தடவை. மூன்று முடிச்சும் அதற்குள் வழுக்கியிருக்கும்.

தொட்டிலருகே மண்டியிட்டாள். வெள்ளைத் துணியில் ஒன்றுமே தெரியவில்லை. தெரியக் கூடாது என்றுதானே அந்த நூல். தடவிப் பார்த்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களுக்கு எதுவும் பிடிபடவில்லை. குனிந்து கன்னத்தைத் துணியில் வைத்து, ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தினாள். நாத்தனார் மகள் சிரித்தாள். "கொஞ்சுறதுன்னா அவனைக் கொஞ்சுங்க அத்தை, போர்வையை எதுக்கு?"

கால்மாட்டில் ஏதோ கன்னத்தைக் கீறியது. ஒரு மயிரிழை கீறுவதுபோல.

முடிச்சு அவிழ்ந்து, இரண்டு மூன்று தையலின் நூலெல்லாம் அங்கே ஒரு வளையமாக வெளியே வந்திருந்தது. போர்வையை எடுக்காமல், ஓரத்தை மட்டும் தூக்கிப் பார்த்தாள். வளையம் குழந்தையின் இரண்டாவது கால்விரலில் விழுந்திருந்தது. விரல் நுனி கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும், அது சிவந்திருந்தது. தூக்கத்தில் குழந்தை காலை நீட்டியது. நூல் இறுகியது.

"காலைப் பிடி. நீட்டவிடாதே. போர்வையை இழுக்காதே."

நாத்தனார் மகளின் சிரிப்பு நின்றது. எறும்பு கத்தரியைக் கொண்டுபோனாள். முனை விரலுக்குப் பக்கத்தில் போனதும் கை ஆட ஆரம்பித்தது. பின்வாங்கினாள். மறுபடி போனாள். கத்தரி முனை தோலில் பட்டது, குழந்தை சிணுங்கியது. இன்னொரு தடவை போனால் விரலையே வெட்டிவிடுவேன் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்த நடுக்கம், கைக்குள்ளிருந்து தோள்வரை ஏறியிருந்தது.

"நீ வெட்டு," என்றாள். "என் கை நிக்காது."

"அத்தை, நானா?"

"என் கை நடுங்கும்மா. ரொம்ப நாளா நடுங்குது. நான் காலைப் பிடிக்கிறேன். நீ வெட்டு."

நாத்தனார் மகள் வெட்டினாள். குழந்தை விழித்து, ஊரைக் கூட்டி அழுதது. சிவப்பு மெல்ல வடிந்து வரி மட்டும் நின்றது. எறும்பின் சுண்டுவிரலில் இருந்த அதே வரி.

போர்வையைச் சுருட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பியபோது, நாத்தனார் பதினொன்றையும் மேசைமேல் அடுக்கிக் கட்டுக்கயிறைத் தேடிக்கொண்டிருந்தாள். எறும்பு நடந்ததைச் சொன்னாள். நாத்தனார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளைப் போனில் கூப்பிட்டு, விரல் அசைகிறதா, பால் குடித்தானா என்று நாலு தடவை கேட்டாள். போனை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி. நம்ம வீட்டுப் போர்வையை எடுத்தாச்சு," என்றாள் நாத்தனார். "மத்ததுக்கு நுனியில ஒரு சொட்டு பசை வெச்சுடு. ஆறு மணிக்கு வண்டி வந்துடும்."

"பசை ரெண்டு துவைப்புக்குத் தாங்காதுக்கா."

"எல்லாக் குழந்தைக்குமா ஆகப்போகுது? உனக்கு எப்பவும் எறும்பு ஊர்ந்தா யானை வந்த மாதிரி."

எறும்பு தன் சுண்டுவிரலில் இருந்த வரியைத் தடவினாள்.

நாத்தனாரின் குரல் தணிந்தது. "உன் கை நடுங்குறது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே? அடியில எத்தனை தடவை பிரிச்சுத் தைச்சேன்னு துணியில ஊசித் துளை சொல்லாதா? அதனாலதான் அந்த நூலைத் தேடி வாங்கினேன். நீ இந்த ஜன்னலை விட்டுப் போயிடக் கூடாதுன்னு. இப்ப அதையே வேண்டாம்னா, நாளைக்குப் பருத்தி நூல்ல உன் தையலை யார்கிட்ட காட்டுவேன்? சொல்லு."

இதைத்தான் எறும்பு ஒரு வருடமாகப் பயந்தாள். யாராவது ஒருநாள் இப்படி வாய்விட்டுச் சொல்லிவிடுவார்களோ என்று. அதுவும் திட்டாக வராமல், அன்பாக வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஜன்னலையும், தன் நாற்காலியில் தேய்ந்துபோன கைப்பிடியையும் பார்த்தாள். பயம் போகவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கால் நீண்டது, நூல் இறுகியது. கூடவே, முகம் தெரியாத இன்னும் பதினொரு ஜோடிக் கால்கள்.

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"நகரு, கட்டிடறேன்," என்று நாத்தனார் அடுக்குப் பக்கம் கையை நீட்டினாள்.

எறும்பு அடுக்கை இரு கையாலும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். மேலே இருந்த போர்வையை விரித்து, கன்னத்தை அதன் ஓரத்தில் வைத்துத் தேடி, கிடைத்த முதல் தையலில் கத்தரியைக் கொடுத்தாள். கை நடுங்கியது. நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்பு நடுக்கத்தை மறைக்கவில்லை.

"இல்லக்கா," என்றாள் மெதுவாக. "இதை நான் அனுப்பமாட்டேன்."