திருவிருந்துக்கு ஓர் ஆட்சேபம்

என் அம்மாவின் கையை நாசமாக்கிய ஆள், வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையில் அவளோடு ஒரே வரிசையில் நின்று அப்பமும் திராட்சரசமும் வாங்கப் போகிறான். அதைத் தடுக்க நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எங்கள் சபை சின்னது. அதில் ஒரு பழக்கம் உண்டு. திருவிருந்தில் பங்கெடுக்க விரும்பும் புது ஆள் முதலில் ஏதாவதொரு வீட்டு வேதபாடக் குழுவில் வந்து உட்கார வேண்டும். பாடம் முடிந்ததும் குழுவை நடத்துகிறவர், "இவரைச் சேத்துக்க யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்று ஒருவர் சொன்னாலும் காரியம் நின்றுவிடும். போதகரே வந்தாலும் அதை மாற்ற முடியாது. ஆனால் இதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. தொண்டையைக் கனைப்பார்கள், ஜெபம் பண்ணுவார்கள், தேநீர் வந்துவிடும்.

இந்த முறை தேநீர் ஆறிப்போகும் என்று முடிவு செய்திருந்தேன்.

அவன் ஒரு சலவைக்கூடத்தின் மேனேஜர். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே மலை மலையாக வந்து, துவைக்கப்பட்டு, சூடான உருளைகளுக்கு நடுவே போய் மடிப்பில்லாமல் வெளியே வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் சட்டென்று நின்றுவிடும். விரிப்பு சுருண்டு தடித்துப் போய் இடித்தாலும் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் வேலை தாமதமாகும். அதனால் அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டிவைக்கச் சொன்னான். ஈர விரிப்போடு சேர்ந்து அம்மாவின் வலது கையும் உள்ளே போனது. மூன்று விரல்கள் கொக்கியாகிவிட்டன.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை நடந்தபோது அவன் சொன்னது இதுதான்: "கம்பி எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பேச்சு சுவாரசியத்துல அந்தம்மாதான் கையை விட்டுட்டாங்க."

பேச்சு சுவாரசியம்! அந்த இயந்திரத்தின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் செத்தால்கூடச் சத்தம் கேட்காது. நட்ட ஈடும் இல்லை, வேலையும் போயிற்று. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியது நான்தான். இப்போது ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கோரிக்கைகளைப் பிரித்துப் பார்க்கிற வேலை. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்ற வரி கண்ணில் படும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அவன் முகம்தான் தெரியும்.

அவன் இந்த வாரம் வருகிறான் என்று குழுவை நடத்தும் அக்கா முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவிட்டார். அவர் தாதி. வட்டாரத்தில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஊசியக்கா.

"நீங்க ரெண்டு பேரும் வேணாம்னு சொன்னா வேணாம்தான்" என்றார். "ஆனா அவர் முன்னாடி சொல்லுங்க. முதுகுக்குப் பின்னாடி வேணாம்."

"முகத்துக்கு முன்னாடியே சொல்றேன்க்கா. அதுக்குத்தானே காத்துட்டு இருக்கேன்" என்றேன்.

அம்மாவுக்கு வேறு கவலை.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தெரியாமல் இருந்தது என்று சொல்ல வேண்டும். ஒரு வருடமாகப் பாடம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஊசியக்கா அவளை உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார். குழுவில் ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். வாசித்தவர் அந்த வசனத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். தன் முறை வரும்போதெல்லாம், "என்னை விட்டுட்டுப் போங்க" என்பாள் அம்மா. இந்த வாரம் வாசிக்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

வேதபாடத்தில் உட்கார்ந்த எல்லோரும் செய்கிற ஒரு கள்ளத்தனம் உண்டு. தலைகளை எண்ணி, நமக்கு எந்த வசனம் விழும் என்று கணக்குப் போட்டு அதை மட்டும் பார்த்துவைத்துக்கொள்வது. மற்றவர்கள் வாசிப்பது காதில் ஏறாது. அம்மாவும் எண்ணிவிட்டாள். இந்த வாரம் மீன் விழுங்கிக் கக்கிய தீர்க்கதரிசியின் கடைசி அதிகாரம்; அழிப்பேன் என்று சொன்ன கெட்ட நகரத்தைக் கடவுள் மன்னித்துவிட்டாரே என்று அவன் கொதிக்கிற இடம். முதல் வசனம் ஊசியக்கா, அடுத்தது மின்வேலை செய்யும் வயரண்ணன், பிறகு நான், பிறகு அம்மா. அவளுக்கு விழுவது நாலாவது. அந்த அதிகாரத்திலேயே குட்டியானது. கடவுள் அந்த ஆளைப் பார்த்து, நீ இப்படிக் கோபப்படுவது சரியா என்று கேட்கிறார். அவ்வளவுதான்.

வாரம் முழுக்க அடுப்படியில், குளியலறையில், பேருந்து நிறுத்தத்தில் அம்மா அதையே முணுமுணுத்தாள்.

"மா, இது வாசிக்கிறது இல்ல. மனப்பாடம்."

"நீ பரீட்சைக்கு என்னடி பண்ணின? போவியா, பெரிசா வந்துட்டா."

எனக்கு விழும் வசனத்துக்கு நானும் ஒரு பேச்சைத் தயாரித்துவைத்திருந்தேன். ஆண்டவரே, என்னைச் சாகடித்துவிடும், உயிரோடு இருப்பதைவிட அது மேல் என்று அந்தத் தீர்க்கதரிசி புலம்புகிற இடம். கெட்டவர்கள் தண்டனையில்லாமல் தப்பும்போது நல்லவனுக்கு வரும் வலி அது என்று சொல்லி, நேராக அவன் முகத்தைப் பார்ப்பதாகத் திட்டம்.

சாயங்காலம் ஊசியக்கா வீட்டு முன்னறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. வயரண்ணன் அதை அண்ணாந்து பார்த்தார். "ஊருக்கெல்லாம் மாட்டுறேன், இந்த ஒண்ணு மட்டும் எனக்கு அடங்க மாட்டேங்குது." யாரும் சிரிக்கவில்லை. வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

அவன் வந்தான். முடி நரைத்து, தோள் சரிந்திருந்தது. அம்மா பாதி எழுந்துவிட்டாள். "வாங்க சார்" என்று அவள் வாயில் வந்தது. நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

அறையில் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. வயரண்ணனுக்கும் எனக்கும் நடுவில். அவன் அதில் உட்கார்ந்தான். அவன் சட்டையில் சலவைப் பொடி வாசனை அடித்தது. அம்மா வேலைக்குப் போன காலத்தில் எங்கள் வீடு முழுக்க அடித்த அதே வாசனை.

ஊசியக்கா முதல் வசனத்தை வாசிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு தலை கூடிவிட்டது. என் வசனம் அவனுக்குப் போய்விட்டது. அம்மாவின் வசனம் எனக்கு வருகிறது. அம்மாவுக்கு விழப்போவது அவள் கண்ணால்கூடப் பார்க்காத அஞ்சாவது, மூன்று மடங்கு நீளம்.

அம்மாவைப் பார்த்தேன். அவள் விரல் நாலாவதின் மேல் இருந்தது. மெல்ல அடுத்ததற்கு நகர்ந்தது. முகம் வெளுத்தது. அவளும் எண்ணிவிட்டாள்.

அன்றைக்குக் கையை எடுத்தான். இதையும் எடுத்துக்கொண்டான்.

வாயைத் திறந்து இடத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் ஏன் என்று கேட்டால், அம்மா மனப்பாடம் செய்த கதை வெளியே வரும். அதுவும் இவன் முன்னால். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயரண்ணன் தன்னுடையதை வாசித்தார். கடவுள் இரக்கமுள்ளவர், தண்டிக்காமல் விட்டுவிடுவார் என்பது எனக்கு முன்பே தெரியும், அதனால்தான் ஓடினேன் என்று தீர்க்கதரிசி சண்டை போடுகிற நீண்ட வசனம்.

"எப்பவும் நீளமானது என் தலையிலதான்" என்றார் வயரண்ணன். "அந்த ஆளுக்குக் கடவுள் நல்லவரா இருக்கிறதுதான் பிரச்சினை. வேற ஒண்ணும் எனக்குத் தோணல."

அடுத்து அவன். புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய், தன்னைச் சாகடித்துவிடச் சொல்லும் அந்த வசனத்தை வாசித்தான். உண்மையைச் சொல்கிறேன், அவன் வாயால் அதைக் கேட்கக் காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

"எனக்கு எதுவும் சொல்லத் தெரியல" என்றான்.

என் முறை. கோபப்படுவது சரியா என்ற கேள்வியை வாசித்தேன். நிமிர்ந்தேன்.

"சரிதான்" என்றேன். "எனக்குக் கோபம் வர்றது சரிதான். வேற பதில் என்கிட்ட இல்ல."

ஊசியக்கா தலையை ஆட்டினார், மறுத்தும் அல்ல, ஒப்பியும் அல்ல. "அடுத்து" என்றார்.

அம்மா புத்தகத்தைப் பார்த்தாள். நான் குனிந்து அவள் காதருகே, "நான் வாசிக்கிறேன், குடு" என்றேன். கொக்கி விரல்களால் என் கையைத் தள்ளிவிட்டாள்.

"அ…வ…ன்" என்று தொடங்கினாள்.

தீர்க்கதரிசி நகரத்தை விட்டு வெளியே போனான். அம்மா அவனை வெளியே அனுப்புவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, திரும்பி வந்து, மறுபடி தட்டி. 'கிழக்கே' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டாள். என் நாக்கு நுனியில் அந்தச் சொல் துடித்தது. வயரண்ணன் தரையைப் பார்த்தார். அவன் கண்ணை மூடிக்கொண்டான். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவளே கண்டுபிடித்தாள். ஒரு குடிசை போட்டான். அதன் நிழலில் உட்கார்ந்தான். அந்த நகரத்துக்கு என்ன ஆகப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவ்வளவு மெதுவாக வாசித்ததால்தான் அது எனக்குள் போயிற்று. வேகமாக வாசித்திருந்தால் என் அடுத்த வசனத்தை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன். ஊருக்கு வெளியே உட்கார்ந்து, அது எப்போது எரியும் என்று பார்க்கிற ஆள். அந்தக் குடிசை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் குடியிருப்பது அதில்தான். பட்டம் வாங்கி அதற்குக் கூரை மாற்றினேன், அவ்வளவே.

அம்மா மூச்சு வாங்கினாள். ஒரு வார்த்தை பேச வேண்டுமே. அவள் புத்தகத்தை விட்டுக் கண்ணெடுத்து அவனைப் பார்த்தாள்.

"சார், அன்னைக்குக் கம்பியைத் தூக்கிக் கட்டச் சொன்னது யாரு?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "அப்பல்லாம் எல்லா எடத்துலயும் அப்படித்தாம்மா…"

"நான் எல்லா எடத்தையும் கேக்கல."

"…நான்தான்."

"அவ்ளோதான்" என்றாள் அம்மா. "எனக்கு ஆட்சேபம் இல்ல. அடுத்து யாரு, வாசிங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தே விட்டேன்.

"அவ்ளோதானா? எத்தனை வருஷம்மா! இந்த அறைக்குள்ள அஞ்சு பேர் முன்னாடி சொன்னா போதுமா? பொய்யை எங்க சொன்னாரோ அங்க போய் உண்மையைச் சொல்லட்டும். தொழிலாளர் ஆபீசுல. எழுத்துல. சொல்வீங்களா?"

"சொன்னா என் வேலை போயிடும்" என்றான். சத்தமே வரவில்லை.

"போகட்டுமே! எங்கம்மாவுக்குப் போகலையா?"

சொல்வேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயரண்ணன், "பாப்பா, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

ஊசியக்காவும் என்னை உட்காரச் சொல்லவில்லை. "அவர் சொல்ற வரைக்கும் நாம காத்திருக்க முடியாது. உன் பதில் அவரோட பதிலை நம்பி இல்ல. கேக்கிறேன். உனக்கு ஆட்சேபம் இருக்கா?"

இருக்கிறது என்ற சொல் பல்லுக்கு வந்துவிட்டது. வந்த இடத்தில் நின்றது.

என்னைச் சேர்த்துக்கொண்ட நாளில் இதே அறையில் இதே கேள்வியைக் கேட்டார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் ஊசியக்காவின் உச்சரிப்பை எல்லோர் முன்னாலும் திருத்தியிருந்தேன். வயரண்ணனோடு பேச்சுவார்த்தை கிடையாது. அம்மாவைத் தெரியாத ஆள் மாதிரி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஆட்சேபிக்க அத்தனை பேருக்கும் காரணம் இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்தை என் தகுதி என்று நினைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திப் போய் அப்பம் வாங்கினேன். நீ முதலில் திருந்து, பிறகு பார்க்கலாம் என்று யாரும் என்னிடம் எழுதி வாங்கவில்லை.

நான் அவர்களிடம் நடந்துகொண்டதையும் அவன் எங்களுக்குச் செய்ததையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எனக்குத் தெரியும். அவனுடையது குற்றம். அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தத் திருவிருந்து மேசை என்னுடையது அல்ல. நானே அதற்கு விருந்தாளியாக வந்தவள்.

"கோபம் இருக்குக்கா" என்றேன். குரல் உடைந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. "நாளைக்கும் இருக்கும். ஆட்சேபம்… இல்ல."

உட்கார்ந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. விரலை அடுத்த வசனத்தில் வைத்து, உதட்டை அசைத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தாள்.

கடைசியில் ஊசியக்கா என்னையே ஜெபிக்கச் சொன்னார். பெரிதாக ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, என்னை உள்ளே விட்டதுக்கு நன்றி. அந்த அப்பத்தை இவ்ளோ நாளா நான் நன்றியில்லாம தின்னேன். ஆமென்." வயரண்ணன் ரொம்பச் சத்தமாக ஆமென் சொன்னார்.

தேநீர் குடிக்காமல் அவன் கிளம்பினான். வாசலில் குனிந்து செருப்பை மாட்டியவன் நிமிராமலே கேட்டான்.

"அந்த ஆபீஸ், பழைய தபால் நிலையத்துக்கு மேலதானே இருக்கு?"

நான் வாசல்வரை போனேன்.

"இடம் மாத்திட்டாங்க. உங்களுக்குத் தெரியாது. காலையில வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."