கீழாற்று நாட்டின் கோப்பு

1

“நான் எங்கடி அழுதேன்? சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துச்சு. அதை அடிச்சுட்டு ஒழுங்கா எழுது.”

அடித்துவிட்டேன். சொன்னது என் அக்கா. பெரிய பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் படிக்கிறாள். நேற்று வகுப்பில் நடந்ததைச் சாப்பாடு ஆறிப்போகும்வரை சொன்னாள், நான் திருடிக்கொண்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘மானுட வரலாற்றின் நெடும்பாதையில் நதிகள்...’ (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாம் முயற்சி: வகுப்பில் ஒரு பேச்சுவார்த்தைப் பயிற்சி. இரண்டு கற்பனை நாடுகள், ஒரே ஆறு. மேலாற்றிடம் அணை, கீழாற்றிடம் தாகம். அக்கா கீழாறு. மேலாற்றுக்கு, தினமும் டை கட்டி வருவதால் ‘தூதர்’ என்று பேர் வாங்கிய வகுப்புத் தோழன். ஐந்து மணிக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் இருவருமே ஃபெயில். ஃபெயிலானால் அடுத்த ஆண்டு ஆய்வு வகுப்பு அக்காவுக்கு இல்லை.

3

இரண்டு வாரம் கீழாற்றுக்கான கோப்பு தயாரித்தாள். நேற்று பேராசிரியர் வந்ததும் பெயர்ப்பலகைகளை இடம் மாற்றிவைத்தார்.

“கோப்பையும் மாத்திக்குங்க. எதிராளி வாயால பேசத் தெரியலேன்னா இந்தப் படிப்பு எதுக்கு?”

(நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இந்த இடத்தில் மழை பெய்யும். நேற்று நல்ல வெயில்.)

அக்கா பழக்கதோஷத்தில் மேசையைத் தட்டினாள். “எங்களுக்குத் தண்ணி வேணும்!”

“சொட்டு தர முடியாது!” என்றான் தூதர்.

“அம்மா தாயே, அணையே உன்னோடதுதான்!” என்றது பின்வரிசை. கண்ணில் தண்ணீர் வந்தது அப்போதுதான்.

4

என் கதாநாயகி நல்லவளா? சந்தேகமாக இருக்கிறது. அணை கைக்கு வந்ததும் குரலே மாறிவிட்டது: “பார்க்கலாம். ஒரு குழு போடலாம்.”

“நல்லாத்தாண்டி இருந்துச்சு,” என்று ஒப்புக்கொள்கிறாள்.

ஆனால் எதிராளி கையில் இருப்பது தாங்களே எழுதிய கோப்பு; அவர் எதுவரை இறங்குவார் என்பது இருவருக்கும் அத்துப்படி. ஒன்பது பிரிவுகள் அரை மணியில் முடிந்தன. மிச்சம் ஒன்று: வறட்சியில் மதகுச் சாவி யாரிடம்? விட்டுக்கொடுக்கும் நாட்டுக்குப் பாதி மதிப்பெண்தான். அதை வைத்து ஆய்வு வகுப்பில் இடம் கிடைப்பது கஷ்டம்.

5

முடிவு அ: கொடுத்துவிட்டாள், வகுப்பே கைதட்டி... (“சீ, சினிமா.”)

முடிவு ஆ: மறுத்துவிட்டாள், மணி... (“என்னை வில்லி ஆக்குறியா?”)

“அப்ப நடந்ததைச் சொல்லேன்க்கா.”

“எழுதுறவ நீதானே?”

வாசகரே, இனி உங்கள் பாடு. ஐந்தாக இரண்டு நிமிடம். தூதர் கோப்பைப் புரட்டி, அக்கா தன் கையால் எழுதிச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்த வரிகளை அவளிடமே வாசித்தான்:

“உங்களுக்கு எப்ப மனசு வரும்னு எங்க பிள்ளைங்க தாகத்தோட காத்திருக்க முடியாதுங்க. வறட்சி மாசத்துல மட்டும் அந்தச் சாவியை எங்ககிட்டக் குடுங்க.”