இன்னும் இரண்டு விளக்கு

கூடத்துக்கு ஆறு விளக்குகள் போதும் என்பது கோகுலராஜின் கணக்கு. சுங்கை ஊடாங் ஊரில் வீடுகளுக்கு வயரிங் செய்பவன் அவன். அறையின் நீள அகலம், ஒரு விளக்கு தரும் வெளிச்சம், அதில் சுவர்கள் விழுங்கிவிடும் பங்கு ஆகியவற்றைப் பார்த்த பிறகே எண்ணிக்கை சொல்வான். அந்தக் கணக்கு சொந்த வீட்டில் பொய்த்தது.

ஆறையும் எரியவிட்ட அன்று அப்பா தம்புசாமி, "என்னடா, படம் போடப் போறியா? இப்படி இருட்டா இருக்கு" என்றார்.

பிழை சுவரில் இருப்பதாகக் கோகுலராஜ் நினைத்தான். தீபாவளிக்குத் தீபாவளி அப்பா அடிக்கச் சொல்லும் அடர்சிவப்புச் சாயம் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. அதையும் கணக்கில் சேர்த்து இன்னும் இரண்டு விளக்குகளை மாட்டினான். அப்போதும் அப்பா நாளிதழை வாசற்கதவருகே கொண்டுபோய்த்தான் படித்தார். இந்தத் தீபாவளிக்குச் சுவர்களை வெள்ளையாக்கினான்.

"கண்ணு கூசுதுடா, பாதிய அணைச்சிரு" என்றாள் அம்மா பெரியநாயகி.

"இன்னும் ரெண்டு போடு லா" என்றார் அப்பா.

இனிக் குறைசொல்ல அந்த அறையில் எதுவும் மிஞ்சவில்லை. அடுத்து எழவேண்டிய எண்ணத்தைக் கோகுலராஜ் முடிந்தவரை ஒத்திப்போட்டான்.

மறுவாரம் ஒரு மதியம், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவர அப்பா எழுந்தார். அவர் ஓட்டும் பள்ளி வேனின் சாவி மேசைமேல் கிடந்தது. எட்டு விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க, அவருடைய விரல்கள் சாவிக்குப் பக்கத்தில் வெறும் பலகையைத் தடவிக்கொண்டிருந்தன.

கோகுலராஜ் சாவியை எடுத்துக்கொண்டான்.

"எத்தன மாசமாப்பா?"

அப்பா முகத்தை வாசல் பக்கம் திருப்பினார். "வெயிலடிச்சா நல்லாத்தான் தெரியுது. மழன்னா மெதுவாப் போவேன். பிள்ளைங்க எல்லாம் பெல்ட்டு போட்டுத்தான் உக்காந்திருக்கும்."

வெளியே வானம் கறுத்திருந்தது.

"நாகமுத்து மாமாவ அவரு வேன்ல பிள்ளைங்கள ஏத்திட்டு வரச் சொல்றேன்."

"அவனா? ஒரு நாள் ஏத்துனான்னா அப்புறம் அதுங்க அவன் வேன் பிள்ளைங்க. நான் வீட்டுல உக்காந்து உன் லைட்ட எண்ணிக்கிட்டு இருக்கவா?"

கோகுலராஜ் கைப்பேசியில் அழைத்தான். நாகமுத்துவின் குரல் கூடமெங்கும் கேட்டது.

"என்ன மருமவனே, அப்பன் வேன் மறுபடியும் ரோசாக்கா, படுத்துருச்சா? அந்த டப்பாவ வித்துத் தொலைக்கச் சொல்லு லா!"

ஆமாம் என்று பொய் சொன்னால் போதும். நாளை வேன் சரியாகிவிடும்; அப்பா மறுபடியும் ஓட்டலாம். கோகுலராஜ் அப்பாவின் பக்கம் திரும்பினான்.

அப்பா கையை நீட்டினார். கை சற்று விலகிப்போய்க் காற்றில் நின்றது. கோகுலராஜ் நகர்ந்து கைப்பேசியை அதில் வைத்தான்.

"வேன் நல்லாத்தான் ஓடுது, நாகமுத்து. எனக்குத்தான் கண்ணு தெரியல. பிள்ளைங்க ஸ்கூல் கேட்டுல நிக்கும். மழைக்கு முன்ன போயிரு லா."