ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒரு கோடு

ரயில் நிலையத்தில் பதினெட்டு வருஷம் ஆங்கில அறிவிப்புச் செய்தவர் அவர். லேசான பக்கவாதம் வந்து அவர் வாயைப் பதம் பார்த்துவிட்டுப் போனது. கை கால் திரும்பிவிட்டன. வீட்டுப் பேச்சும் ஒருவழியாகத் திரும்பிவிட்டது. நீளமான ஆங்கில வார்த்தைகள் மட்டும் தொண்டைக்குள் சண்டித்தனம் செய்தன. திங்கட்கிழமை நிலைய அதிகாரி முன்னால் பிசிறில்லாமல் படித்துக் காட்டினால் மைக் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் பார்சல் ஆபீஸ் மூலையில் ஒரு நாற்காலி.

மனைவி அச்சகத்தில் ஆங்கிலப் புத்தகங்களுக்கு ப்ரூஃப் பார்ப்பவள். வரிக் கடைசியில் இடம் போதாமல் உடைகிற வார்த்தை சரியான இடத்தில்தான் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு வார்த்தையைச் சொல்வாள். தாடை எத்தனை தரம் இறங்குகிறதோ அத்தனை துண்டு. அப்படியும் சந்தேகம் தீராமல் அகராதியைப் புரட்டுவாள். இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று அவர் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

அந்த வாரம் அவருடைய அறிவிப்புத் தாளை எடுத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்து, நீள வார்த்தைகளுக்குள் துண்டுக்குத் துண்டு ஒரு கோடு போட்டாள்.

"முழுசா முழுங்கப் பாக்காதீங்க. கோடு வர்ற இடத்துல நில்லுங்க. அப்புறம் அடுத்த துண்டு."

பா-சஞ்-சர்ஸ் வந்தது. அவர் ஜென்ம விரோதியாக நினைத்திருந்த அப்-ராக்-ஸி-மட்-லிகூட வாலைச் சுருட்டிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை, 'அபாலஜைஸ்' என்ற இடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. ரயில் தாமதமானால் மன்னிப்புக் கேட்கிற வார்த்தை. அது இல்லாமல் அந்த நிலையத்தில் ஒரு நாள்கூடப் பொழுது போகாது. பத்துத் தரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டுத் தாளை வீசி எறிந்தார்.

"பார்சல் ஆபீஸ்தான் என் தலையெழுத்து. விடு."

அவள் தாளைப் பொறுக்கி எடுத்து உற்றுப் பார்த்தாள். வார்த்தைக்குள் கோடுகள் இருந்தன. முதல் எழுத்துக்குப் பின்னால் மட்டும் இல்லை. அவர் திக்கியது அங்கேதான்.

"தப்பு என் மேலதாங்க. வரிக் கடைசில ஒத்தை எழுத்தைத் தனியா விடக்கூடாது, அச்சகத்துல அது சட்டம். பழக்கதோஷத்துல கை தாண்டிப் போயிடுச்சு."

"இப்பப் போடேன்."

பென்சில் தாளுக்கு மேலே தயங்கியது. அந்த இடத்தில் யார் கோடு போட்டாலும் இருபது வருஷமாகச் சிவப்பு மையால் அடித்தவள். போட்டாள். போட்ட கையோடு, முதலாளி எட்டிப் பார்த்துவிட்டதுபோல வாசல் பக்கம் ஒரு பார்வை வேறு.

"அ," என்று சொல்லி நின்றார். மூச்சு வாங்கினார். "பா. ல. ஜைஸ்."

இரண்டு பேருக்குமே கண் கலங்கியது. இவ்வளவு பெரிய வித்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் சிரித்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு தாள் முழுவதையும் கேட்டார். மைக்கை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எட்டு மணி வண்டி நாப்பது நிமிஷம் லேட். நீங்களே சொல்லிடுங்க சார்."

துண்டு துண்டாக, நிதானமாகச் சொன்னார். மன்னிப்பு வார்த்தையும் ஒரு சேதாரமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. பிளாட்பாரம் முழுக்க முணுமுணுப்பு, உச்சுக் கொட்டல். கண்ணாடி வழியாகப் பார்த்தார். அத்தனை கடுகடுத்த முகங்களுக்கு நடுவே ஒருத்தி மட்டும் வாய்கொள்ளாத சிரிப்போடு நின்றுகொண்டிருந்தாள். அது அவள் அச்சக வேலைக்குப் போகிற வண்டி.