ஆடு தின்ற இலை

லில்லிப் பூவின் வாசனை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. சாவு வீட்டில் ஊதுவத்திப் புகைக்கு அடியில் ஒரு இனிப்பு நாற்றம் கிடக்குமே, அது. என் கணவர் குமரேசன் ஏலகிரியில் ஒரு நர்சரியில் அந்த லில்லித் தொட்டியை வாங்கிவந்து டிவி பக்கத்தில் வைத்தார். வெள்ளைப் பூ. உள்ளே காவி நிறப் பொடி. தொட்டால் விரலில் ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டாலும் போகாது.

"வூட்ல பூனை இருக்குதே. செடி விஷமா இருந்தா?" என்றேன்.

பூனை என்னுடையது. பெயர் சுருளி. இரண்டு வருஷம் முன்பு மழையில் நனைந்துகொண்டு தானாக வந்து என் காலடியில் படுத்தது. நெல்லிவாசல்நாட்டில், இந்த மலை ஊரில், இந்த வீட்டுக்குள் எனக்கென்று வந்தது அது ஒன்றுதான்.

பதில் சொன்னவர் மாமனார் சின்னதம்பி. "விஷமா இல்லியான்னு நீ சொல்லாத. ஆடு சொல்லட்டும்."

எங்கள் பக்கத்தில் பெயர் தெரியாத கீரையோ கிழங்கோ காட்டிலிருந்து வந்தால் முதலில் ஆட்டுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். முகர்ந்துவிட்டுத் தள்ளிப்போனால் விஷம். தின்று, அசைபோட்டு, மறுநாள் எழுந்து நின்றால் பயமில்லை. மாமனார் இரண்டு இலையையும் ஒரு பூவையும் கிள்ளி வெள்ளாட்டிடம் நீட்டினார். தின்றது. இன்னும் கேட்டு அவர் வேட்டியை இழுத்தது.

மறுநாள் காலை ஆட்டைக் கயிற்றோடு வாசலுக்கே இழுத்து வந்தார். "பாத்துக்கோ மருமவளே, எப்டி நிக்குது! உன் பூனை மட்டும் இன்னா, ஜமீன் வூட்டுப் புள்ளையா?"

குமரேசன் சிரித்தபடி வேலைக்குக் கிளம்பினார். ஃபோனில் தேடிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சிக்னலுக்கு மேட்டில் ஏற வேண்டும். ஏறவில்லை.

அன்று மதியம் சுருளி கட்டிலுக்கடியில் வாந்தி எடுத்தது. மஞ்சள் நுரை, பசை மாதிரி. நடுவில் ஏதோ பச்சையாக. எனக்கு வாந்தியைப் பார்க்கவே ஆகாது. மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்புச் சாம்பலைக் கொட்டி, அட்டையால் வழித்து, வேலிக்கு அப்பால் எறிந்தேன். அந்தப் பச்சை புல்லின் பச்சை இல்லை. பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"பூனைன்னா புல்லு துன்னும், கக்கும்," என்றார் மாமனார்.

சாயங்காலம் வாந்தி நின்றது. அவர் சொன்னதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. அடுத்த நாள் முழுக்கச் சுருளி தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. அது ஒன்றுக்குப் போக வைத்திருந்த மணல் காய்ந்தே கிடந்தது. அதற்கும் மறுநாள் காலை தூக்கியபோது அதன் வாயில் மூத்திர நாற்றம் அடித்தது. நெஞ்சு முடியில் காவிப்பொடி ஒட்டியிருந்தது.

சுருளியைக் கூடையில் வைத்துக்கொண்டு குமரேசனும் நானும் ஷேர் ஜீப்பில் திருப்பத்தூருக்குக் கிளம்பினோம். வளைவுகளில் அது மறுபடி கக்கியது. கூடையின் இடுக்கு வழியாக என் மடியில் வடிந்தது.

"ச்சீ! சாவப்போற பூனைய ஜீப்புல ஏத்திக்கினு வர்றியேம்மா," என்று எதிரில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "காலைல துன்ன களி மேல வருது."

"சீட்டுல பட்டா நீதான் கழுவணும்க்கா," என்றார் டிரைவர்.

அந்தப் பெண்ணின் முகம் கோணிய விதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் வாந்தியை வழித்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கால்நடை டாக்டர் இளம்பெண். லில்லி என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆடு துன்னுச்சிங்க. ஒண்ணும் ஆவல," என்றார் குமரேசன்.

"ஆடு நல்லாத்தான் இருக்கும். பூனைக்கு அப்படி இல்லீங்க, கிட்னி போய்டும். ஒடம்புல பட்ட பொடிய நக்கினாலே போதும். மொத வாந்தி எப்போ?"

"முந்தாநேத்து மதியம்."

"அதுல இலை கிடந்துச்சா?"

"அதெல்லாம் இல்லீங்க," என்றார் குமரேசன். அவர் அன்று வீட்டிலேயே இல்லை.

"இருந்துச்சிங்க," என்றேன். "பாத்தேன். அருவருப்பா இருந்துச்சி. சாம்பலப் போட்டு வாரிக் கொட்டிட்டேன்."

குமரேசன் என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சுருளியின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். "அன்னைக்கே வந்திருந்தா டிரிப்ஸ் போட்டுக் காப்பாத்திப் பாத்திருக்கலாம். இப்ப மூத்திரமே ஊறல. இன்னும் ஒருநாள் ரெண்டுநாள் இப்படியே கஷ்டப்படும். இல்லன்னா வலி தெரியாம போய்ச்சேர ஊசி போட்டுடலாம்."

"நீயே சொல்லு தமிழு," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குமரேசன் சுவரைப் பார்த்தார்.

"போட்டுடுங்க."

தலையை நான் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. டாக்டர் என் கையை எடுத்துவிட்ட பிறகுதான் முடிந்தது என்று தெரிந்தது. குமரேசன் வெளியே ஓடிப்போய்த் துப்பினார். அவர் மேசைமேல் விட்டுப்போன ஃபோன் அடித்தது. எடுத்தேன்.

"இன்னா மருமவளே," என்றார் மாமனார். ஆட்டோடு மேட்டில் ஏறியிருப்பார், காற்று இரைந்தது. "ஆடு நல்லாத்தான் கீதுன்னு டாக்டராண்ட சொன்னீங்களா?"

"சொன்னோம் மாமா."

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஆடு நல்லாத்தான் இருக்கும்னாங்க."

"பாத்தியா!" அவர் சிரித்தார். பக்கத்தில் யாரிடமோ அதையே திருப்பிச் சொல்வதும் கேட்டது. பூனை என்ன ஆயிற்று என்று கேட்பார் என ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆட்டை அதட்டினார். பிறகு வைத்துவிட்டார்.