ஒரு மணிச் சாப்பாடு

அந்தச் செய்தியைத் திறப்பதும் வாசிப்பதும் மூடுவதுமாக முனியராஜுக்கு ஒரு வாரம் ஓடிவிட்டது. அனுப்பியவள் மதுரைப் பக்கம் நர்ஸாக இருக்கும் ஜெபிஷா. நேரில் பார்த்ததில்லை. அவன் எழுதி இணையத்தில் பொதுவில் வைத்திருக்கும் சாப்பாட்டுக் கணக்கு ஆப்பைத் தன் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள், நிரல் எழுதவும் தானாகக் கற்றுக்கொண்டவள்.

"சார், எங்ககிட்ட வர்ற சர்க்கரை உள்ள பிள்ளைக்கு அவங்க அம்மா காலையிலயே மத்தியானச் சாப்பாட்டைப் பதிஞ்சுட்டு வேலைக்குப் போயிட்டாங்க. பிள்ளை சாப்பிடலை. ஆப்ல சாப்பிட்டதா இருந்துச்சுன்னு அப்பா இன்சுலின் ஊசி போட்டுட்டார். பிள்ளை மயங்கி விழுந்துட்டான். தெய்வாதீனமா பிழைச்சுக்கிட்டான். நிரலைத் திருத்தி அனுப்பியிருக்கேன். சீக்கிரம் சேத்துருங்க சார்."

ஓப்பன் சோர்ஸ் என்பது தெருக்குழாய் மாதிரி. யாரும் பிடித்துக்கொண்டு போகலாம். தண்ணீர் வராத அன்றைக்கு மட்டும் ஆளைத் தேடி வந்து ஏசுவார்கள். ஏச்சுக்கெல்லாம் அவன் அசருகிறவன் இல்லை. இவளோ ஏசவும் இல்லை, வேலையையும் தானே முடித்துத் தந்திருக்கிறாள். அவன் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அதற்குத்தான் கை வரவில்லை.

அந்த ஆப்பை அவன் ஆரம்பித்தது உலகத்துக்காக இல்லை, அம்மாவுக்காக. சண்முகத்தாய்க்குச் சர்க்கரை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால், எல்லாரும் திங்கிறதுதான் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். ஆப்பில் பதியச் சொன்னால் அதற்கும் வழியில்லை. பட்டாசு கம்பெனிக்குள் போன் ஆகாது, கேட்டிலேயே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கையில் ஏறிய பட்டாசு மருந்தைத் தேய்த்துக் கழுவுவதற்கே பொழுது போய்விடும்.

"ஏலே, கட்டிட்டுப் போறதத்தான திங்கப் போறேன்? காலையிலயே போட்டா உன் மிசினு ஒத்துக்கிடாதா?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. ஒத்துக்கொள்ள வைத்தான். தினமும் கேட்டில் நின்று ஒரு மணிச் சாப்பாட்டைப் பதிந்துவிட்டுப் போனைக் கொடுப்பாள். மணி ஒன்றானதும் ஆப் அதைச் சாப்பிட்ட கணக்கில் பச்சையாகக் காட்டும். கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்னாமல் இருக்கவும் ஒரு காரணம் வரும் என்று அம்மாவுக்கும் தோன்றவில்லை, மகனுக்கும் தோன்றவில்லை.

போன தீபாவளி சீசனில் ஒரு நாள் காலை, சாப்பாட்டு மணிக்கு வெகுநேரம் முன்னாலேயே, விஸ்வநத்தத்தில் இருந்த அவன் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. ஓடினான். கம்பெனியில் அம்மா வேலை பார்த்த அறை இருந்த இடத்தில் அறை இல்லை. மறுநாள் வாட்ச்மேன் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு கீறல் இல்லை. ஆப்பைத் திறந்தான். கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை, அவித்த முட்டை. பச்சையாக இருந்தது.

பொய்தான். அவன் கையாலேயே எழுதி வைத்த பொய். இருந்தாலும் அந்தப் பச்சையைப் பார்த்தால், வயிறு நிறைந்துதான் போனாள் என்று மனசு ஒரு கணம் நம்பிவிடும். அந்த ஒரு கணத்துக்காகவே தினமும் திறந்தான். ஜெபிஷாவின் திருத்தம் சேர்ந்தால் முன்கூட்டிப் போட்ட பதிவெல்லாம் பச்சை இழக்கும். கடைசிப் பதிவிலிருந்து தொடங்கி, சாப்பிட்டாச்சா என்று ஆப் கேட்கும்.

"என்னலே, அம்புட்டு நேரமா அதையே பாக்க?" என்றபடி அப்பா முனியசாமி டீ கிளாஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்தப் பிள்ளைக்கு நடந்ததைச் சொன்னான்.

"பெறகென்ன? சரி பண்ண வேண்டியதுதான?"

அவன் அம்மாவின் போனை எடுத்துக் காட்டினான். "இதுல அம்மா அன்னைக்குச் சாப்பிட்டதா இருக்குப்பா. சரி பண்ணுனா இல்லன்னு ஆயிரும்."

முனியசாமி வெகுநேரம் திரையையே பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது.

"அன்னைக்குக் கம்பெனியில சோத்து டப்பாவெல்லாம் வெளிய மரத்தடியில இருந்துச்சு. அவளோடத நாந்தான் எடுத்துட்டு வந்தேன். மூடி தொறக்கல. நீ ஆஸ்பத்திரியில கையெழுத்துக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்த..." குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து நான் தின்னுட்டேன்யா. முட்டையக்கூட விடல. அவ உள்ள கெடக்கா, எனக்குப் பசிச்சுச்சு. யாருட்டயும் சொல்லல."

முனியராஜ் அவரது கிளாஸை வாங்கிக் கீழே வைத்தான்.  அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். அழுகை வந்தது, அழுதான்.

பிறகு கம்ப்யூட்டரில் ஜெபிஷாவின் திருத்தத்தைச் சேர்த்தான். அம்மாவின் போனில் புதிய பதிப்பு இறங்கியது. கம்பஞ்சோற்றின் மேலிருந்த பச்சை போயிற்று. சாப்பிட்டாச்சா என்ற கேள்வி வந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். இல்லை என்பதை அழுத்தினான்.

நன்றி என்று ஏதாவது வரும் என்று நினைத்தான். ஜெபிஷா அங்கே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். முனியசாமி போனை வாங்கிக் கண்ணருகே பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, ஆளில்லாத அடுப்படிக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தார்.

"நேரமாச்சு... இப்பவாவது... கொஞ்சம் சாப்பிடுங்க."